ஒன்பதாம் வேர்

பெட்சா மலையின் வடசரிவில்
பீச் மரங்கள் முடிந்து ஸ்ப்ரூஸ் தொடங்கும் இடத்தில்
தடம் சட்டென்று இடப்பக்கம் சாயும்.
அங்கே குறுக்கே ஒன்பது வேர்கள்.
எட்டைக் கடப்பது பழக்கம்.
ஒன்பதாவது அன்றைய நாளைப் பொறுத்தது.
மழை பெய்திருந்தால் அது சோப்பு தடவிய விலாங்கு.
காய்ந்திருந்தாலும் அப்பால் முழங்கால் ஆழத்துக்கு
மண் இருக்காது.

பின் பிரேக்கைத் தொடாதே என்பார் கோராஸ்த்.
முன் பிரேக்கை மறந்துவிடு என்பாள் நேஜா.
இருவர் பேச்சையும் கேட்டால் பிரேக்கே மிஞ்சாது.
கண் போகும் இடத்துக்குத்தான் சக்கரம் போகும்,
இதில் மட்டும் இருவருக்கும் ஒரே வாக்கு.
என் கண்ணோ
வேரை விட்டு நகர்ந்ததே இல்லை.

சென்ற செப்டம்பரில் மூன்று முறை.
முதலில் உள்ளங்கை.
அடுத்து ஹெல்மெட்டின் நெற்றி.
பிறகு காறையெலும்பு, காய்ந்த குச்சியின் ஓசையோடு.
குச்சிதான் என்று நினைத்து எழுந்து
சைக்கிளைத் தூக்கக் குனிந்தேன்.
கை கூட வரவில்லை.

ஆறு வாரம் கட்டோடு
ஜன்னலில் மலையைப் பார்த்துக் கிடந்தேன்.
அதனடியில் மாத்யாஷ் ராஜா தூங்குகிறார்,
மேசைமேல் தலை சாய்த்து, படையோடு.
எங்கள் ஊரில் பால்பல் விழுமுன்பே இது தெரிந்துவிடும்.
தாடி வளர்ந்து மேசையை
ஒன்பது சுற்று சுற்றியதும் விழிப்பாராம்.
வலி மாத்திரை போட்ட இரவுகளில்
எட்டு வரை எண்ணி
விட்டுவிடுவேன்.

கட்டு அவிழ்த்த மறுநாள்
மடக்கு ரம்பத்தைப் பையில் போட்டு
நடந்தே ஏறினேன்.
முழங்கைப் பருமன்தான் இருந்தது.
நோகாத கையால் அறுபது, எழுபது இழுப்பு.
ரம்பத் தூளைக் கையால் அள்ளிச் சருகுக்கடியில் மறைத்தேன்.
துண்டை ஓடைப்பக்கம் எறிந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் இறங்கினேன்.
ஒன்றுமே நடக்கவில்லை.
வீட்டுக்கு வந்து சூப் சூடாக்கிக் குடித்தேன்.
ஒன்றுமே நடக்கவில்லை.

கோராஸ்த் துண்டைக் கண்டெடுத்து
பழைய ஈயச் சுரங்கத்துக்கு எதிரே இருக்கும் மதுக்கடையில்
பியர் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்.
யாரும் தொடவில்லை.
நேஜாவின் மகள் தின்காரா, வயது பதின்மூன்று,
அதை ஒருமுறைகூடக் கடந்திராதவள்,
"இனி நான் தாண்டினால் எதைத் தாண்டினேன் என்று சொல்வது?"
என்று கேட்டாள்.
அறுத்தவனைத் திட்டினார்கள்.
நானும் திட்டினேன்,
எல்லோரையும்விடச் சத்தமாக.
அவனை, அவனை என்றே.

மார்ச்சில் பனி உருகியது.
அந்த வேர் அணைத்து வைத்திருந்த மண் முழுக்க
இரண்டே வாரத்தில் ஓடையோடு போனது.
கீழே சுண்ணாம்புப் பாறை
ஈறு விலகிய பல்லாய் வெளிப்பட்டது.
முழங்கால் ஆழம் இருந்த இடத்தில்
இப்போது இடுப்பாழம்.
கோராஸ்த் பார்த்துவிட்டுச் சிரித்தார், அந்தக் குளிர்காலத்தில் முதல்முறை:
"அறுத்த கழுதை நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறான்."

தின்காரா தினம் மாலை வந்தாள்.
பதினாறு முறை விழுந்தாள்.
சங்கிலி அறுந்தது, ஒரு பெடல் போனது,
கன்னத்தில் நீளமாக ஒரு கீறல்.
பதினேழாவது முறை
முன்சக்கரம் காற்றில் ஒரு கணம் யோசித்துவிட்டு
சரியான இடத்தில் இறங்கியது.

திரும்பி நின்று, பல்லெல்லாம் சேறு, கத்தினாள்:
"பார்த்தாயா?"
பார்த்தேன்.
அவள் போன தடத்தை அல்ல.
பள்ளத்தின் ஓரத்தில்
வட்டமான வெட்டுவாயில்
பிசின் தேன்நிறமாய் உறைந்திருந்ததை.

"உன் முறை" என்றாள்.
ஏறி உட்கார்ந்தேன். கைப்பிடியில் விரல்கள் சரியாகவே இருந்தன.
கண்ணை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.